கூகுள் வாசலில் தேயிலைத் தோட்டம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். கணினி பற்றிய கதை என்று பாதியில் விட்டுவிட வேண்டாம். கணினியில் தொடங்கினாலும் இது எங்கள் தோட்டத்துக் கதைதான்.

2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை. அன்று காலை கூகுளின் இலங்கை முகவரியை, அதாவது கடைசியில் எல்கே என்று முடிகிற முகவரியைத் தட்டியவர்களில் பலருக்கு கூகுள் வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு பக்கம் வந்து நின்றது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிரச்சினை, ஊடக சுதந்திரம், அரசியல்வாதிகளின் ஊழல், நீதித்துறை, இன மத சிறுபான்மையினர் படும் பாடு என்று வரிசையாக அதில் எழுதியிருந்தது. ஒரக்கிள் நிறுவனத்தின் இலங்கை முகவரியும், உள்ளூர் வியாபார நிறுவனங்கள், செய்தித் தளங்கள் சிலவற்றின் முகவரிகளும் அதே பக்கத்துக்கே போய் விழுந்தன. சுதந்திர தினம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சம்பவத்தை உறுதிப்படுத்தியது. அன்றைய தினமே கூகுள் தன் இடத்துக்குத் திரும்பியது.

அந்த வாரம் என்ன வாரம் என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். முதல் நாள், பெப்ரவரி 5 வெள்ளிக்கிழமை, 1000 ரூபா நாட்சம்பளம் கேட்டு மலையகம் முழுவதும் ஒருநாள் வேலைநிறுத்தம். பிரட்டுக்களம் வெறிச்சோடிக் கிடந்தது, கொழுந்து மலையிலேயே நின்றது. அதே நாட்களில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை ஒரு பேரணி நடந்துகொண்டிருந்தது. அதன் கோரிக்கைகளில் தோட்டத் தொழிலாளரின் 1000 ரூபாவும் இருந்தது, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரிப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது. எரிப்பை நிறுத்தும் வர்த்தமானி அந்த மாதம் 25ஆம் திகதிதான் வந்தது. சம்பள நிர்ணய சபை பெப்ரவரி 8ஆம் திகதி கூடி 900 ரூபா அடிப்படைச் சம்பளமும் 100 ரூபா கொடுப்பனவுமாக 1000 ரூபாவுக்கு இணங்கியது.

இதை வைத்து, கூகுளைத் திருப்பியவர்தான் எங்களுக்கு ஆயிரம் ரூபா வாங்கித் தந்தார் என்று பேசுகிற தம்பிமார் இருக்கிறார்கள். அது சரியல்ல. வருடக்கணக்காக வீதியில் இறங்கியவர்களும், அந்த வெள்ளிக்கிழமை ஒருநாள் பேரை இழந்து லயத்தில் இருந்தவர்களும்தான் அதை வாங்கினார்கள். முகம் காட்டாத ஒருவர் ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் பெயரை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார், அவ்வளவுதான். எங்களைக் கேட்டு அவர் செய்யவில்லை. ஆனாலும் மலையக வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தக் காலையை விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறோம். எத்தனையோ மனு எழுதியும் கொழும்பின் கண்ணில் படாத ஒரு விஷயம், ஒரு பூட்டு சரியாகப் போடப்படாததால் கூகுளின் வாசலில் போய் நின்றது. அந்தப் பூட்டுகளைப் பற்றித்தான் எழுத வந்தோம்.

முதலில் அன்று நடந்தது என்ன என்று பார்ப்போம். பலர் நினைப்பது போல கூகுளின் கணினிக்குள் யாரும் புகவில்லை. கூகுள் எங்கே இருக்கிறது என்று சொல்கிற பதிவில்தான் கை வைத்தார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பல லயங்களில் வீட்டுக்கு வீடு தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கே பெயரைப் பார்த்து, இன்ன டிவிசன், இன்ன லயம் என்று பிரித்து அனுப்ப வேண்டும். வேலைக்கான நேர்முகக் கடிதம் திகதி முடிந்தபின் கைக்கு வந்த கதை இல்லாத தோட்டம் இருக்கிறதா? இப்போது ஒருவர் இரவோடிரவாக அந்த அலுவலகத்துப் பதிவுக் கொப்பியில் உங்கள் பெயருக்கு நேரே வேறொரு லயத்து இலக்கத்தை எழுதிவிட்டால் என்ன ஆகும்? உங்கள் வீடு அப்படியே இருக்கும். கதவு பூட்டியபடி இருக்கும். ஒரு சாமானும் களவு போயிருக்காது. ஆனால் உங்களைத் தேடி வருகிற எல்லோரும் வேறு வீட்டுக்குப் போவார்கள். அங்கே இருப்பவர் 'நான்தான் அவர்' என்றால் நம்புவார்கள். இணையத்திலும் அப்படி ஒரு பெயர்ப் பதிவேடு இருக்கிறது. நாம் எழுத்தில் தட்டுகிற பெயரை அது இலக்கமாக மாற்றி, சரியான கணினிக்கு வழிகாட்டுகிறது. எல்கே பெயர்களுக்கான பதிவேட்டை எல்கே டொமைன் பதிவகம் நடத்துகிறது. 1990இல், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கிஹான் டயஸின் முயற்சியில் தொடங்கியது அது. 2010இல் தமிழிலேயே '.இலங்கை' என்று முடியும் பெயர்களும் வந்தன. எத்தனை பேருக்கு அது தெரியும்? எங்கள் ஊரில் ஒரு கடைப் பலகையிலாவது அப்படி ஒரு முகவரியை நாங்கள் பார்த்ததில்லை.

அன்று வந்தவர் ஒரு கோரிக்கைப் பக்கத்தைக் காட்டியதோடு விட்டுவிட்டார். அதே வழியால் ஒரு வங்கியின் பெயரைத் திருப்பி, அதே நிறத்தில் அதே சின்னத்தோடு ஒரு போலி வாசலைக் கட்டியிருந்தால், எத்தனை பேர் கடவுச்சொல்லைத் தட்டியிருப்பார்கள்? இப்படியானவற்றைத் தடுக்க, பதிவுகளில் கையொப்பம் போல ஒரு முத்திரை வைக்கும் முறையும் வேறு காவல்களும் இருக்கின்றன. பூட்டு இருப்பது ஒன்று, அதைப் பூட்டுவது வேறொன்று.

விலாசத்தை மாற்றுவது அபூர்வம். அதிகமாக நடப்பது வீட்டுக்குள்ளேயே புகுவதுதான். இணையத்தளம் என்று நாம் சொல்வதன் பின்னால் எங்கோ ஒரு கணினி விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சேர்வர் என்கிறோம். அதற்குள் ஒரு மென்பொருள், கச்சேரியில் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிற எழுதுவினைஞர் மாதிரி, நாம் நீட்டுகிற துண்டை வாங்கி, உள்ளே கோப்பைத் தேடி, பதிலைத் தருகிறது. பரீட்சைப் பெறுபேறு பார்க்க சுட்டெண்ணைத் தட்டுகிறோமே, அதை வாங்குவது அந்த எழுதுவினைஞர்தான். அவர் சொன்னதைச் செய்வார், ஆனால் யோசிக்க மாட்டார். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

கணக்கப்பிள்ளை செக்றோல் எழுதுகிறார் என்று வையுங்கள். துண்டில் பெயரை எழுதிக் கொடுத்தால் அதைப் பார்த்துப் பேர் போடுவார். ஒருவன் தன் பெயரை எழுதி, அதற்குப் பக்கத்திலேயே 'இன்றைக்கு எல்லோருக்கும் முழுப்பேர் போடு' என்றும் எழுதிக் கொடுக்கிறான். மனிதக் கணக்கப்பிள்ளை என்றால் துண்டைக் கிழித்து முகத்தில் எறிவார். கணினிக் கணக்கப்பிள்ளைக்கு எது பெயர், எது கட்டளை என்று பிரித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கவில்லையென்றால், அது எல்லோருக்கும் முழுப்பேர் போட்டுவிடும். இந்தக் குறை 1998 டிசம்பரில், பிராக் என்ற ஹெக்கர்களின் இதழில் விளக்கி எழுதப்பட்டுவிட்டது. இன்று கணினி படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். இருந்தும் இன்றுவரை தளங்கள் இதனால் விழுகின்றன.

இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எங்களுக்குப் பட்டது இதுதான்: பெரிய சேதங்கள் பலவற்றில் களவாணி கெட்டிக்காரனாக இருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஓட்டை ஏற்கெனவே தெரிந்திருந்தது, அடைப்பதற்கான மருந்தும் இலவசமாகக் கொடுக்கப்பட்டிருந்தது, யாரும் பூசவில்லை. 2001இல் மைக்ரோசொப்டின் இணையச் சேர்வர் மென்பொருளில் ஒரு ஓட்டை. ஜூன் 18இல் திருத்தத்தை வெளியிட்டார்கள். ஒரு மாதமும் ஒரு நாளும் கழித்து, ஜூலை 19இல், 'கோட் ரெட்' என்ற புழு 14 மணித்தியாலத்துக்குள் உலகம் முழுவதும் சுமார் 3 இலட்சத்து 59 ஆயிரம் கணினிகளில் ஏறிவிட்டது. 2017இல் ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளுக்கு மார்ச் 7இல் திருத்தம் வந்தது. அமெரிக்காவில் மக்களின் கடன் விபரங்களை வைத்திருக்கிற எக்விபெக்ஸ் நிறுவனம் அதைப் போடவில்லை. மே மாதம் உள்ளே போனார்கள், ஜூலை கடைசியில்தான் கண்டுபிடித்தார்கள். சுமார் 14 கோடியே 70 இலட்சம் பேரின் விபரங்கள் போயின. உள்ளே வெளியே போவதைக் கண்காணிக்க ஒரு கருவி வைத்திருந்தார்கள்தான். அதன் சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்காகியும் யாரும் புதுப்பிக்கவில்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான் நடக்கிறது என்பதில் எங்களுக்கு ஒரு சின்ன ஆறுதல் வருவதை மறைப்பானேன்.

லொக்4ஜே என்பதன் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர். எங்கள் ஊரில் எல்லோரும் காஸ் சிலிண்டர் வெடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மாதம். உலகத்துக் கணினிக்காரர்கள் தூக்கமில்லாமல் இருந்தது வேறொரு காரணத்துக்காக. கொழுந்து மடுவத்திலிருந்து பெக்டரிக்குப் போகிற வழியில், வாசலில் காவல்காரர் ஒரு கொப்பி வைத்திருப்பாரே, யார் வந்தார், எத்தனை மணிக்கு, எதற்கு என்று எழுத? சேர்வர்களும் அப்படி ஒரு கொப்பி வைத்திருக்கின்றன. ஜாவா மொழியில் எழுதிய மென்பொருட்கள் பலவற்றில் அந்தக் கொப்பியை எழுதுகிற வேலையை லொக்4ஜே செய்கிறது. அதை எழுதிப் பராமரித்தவர்கள் சம்பளம் வாங்காத ஒரு சில தன்னார்வலர்கள். பெரிய பெரிய நிறுவனங்கள் எல்லாம் அதை இலவசமாக எடுத்துத் தங்கள் சேர்வர்களில் போட்டிருந்தன. 2013இல் அதில் ஒரு புது வசதி சேர்த்தார்கள். கொப்பியில் எழுத வேண்டிய வாசகத்தில் ஒரு குறிப்பிட்ட வடிவில் முகவரி ஒன்று இருந்தால், அந்த முகவரிக்குப் போய் விபரத்தை எடுத்துவந்து எழுதும். நல்ல எண்ணத்தில் சேர்த்த வசதிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். வாசலில் வந்த ஒருவன் 'உன் பெயர் என்ன' என்ற கேள்விக்கு, 'அந்தக் கடைக்குப் போய், அவன் தருகிற சாமானைக் கொண்டுவந்து பெக்டரிக்குள் திறந்து வை' என்று பதில் சொல்கிறான். காவல்காரர் கொப்பியை மூடிவிட்டு அப்படியே போய்க் கொண்டுவந்து திறந்து வைக்கிறார். இதுதான் நடந்தது. மைன்கிராப்ட் என்று பிள்ளைகள் விளையாடுகிற விளையாட்டில், அரட்டைப் பெட்டியில் ஒரு வரி எழுதியே சேர்வரைக் கைக்குள் கொண்டுவர முடிந்தது.

அந்த ஓட்டை எட்டு வருடம் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. 2021 நவம்பர் 24இல் சீனாவின் அலிபாபா நிறுவனத்துப் பாதுகாப்புப் பொறியியலாளர் ஒருவர் கண்டுபிடித்து, சத்தம் போடாமல் அதை எழுதியவர்களுக்கு அறிவித்தார். டிசம்பர் 9இல் விஷயம் வெளியே வந்துவிட்டது. ஆபத்துக்கு பத்துக்குப் பத்துப் புள்ளி கொடுத்தார்கள். முதல் திருத்தம் போதவில்லை, இரண்டாவது வந்தது, அதிலும் குறை, மூன்றாவது வந்தது. அந்தத் தன்னார்வலர்களை உலகமே திட்டியது. அவர்கள் எழுதியதை வைத்துக் கோடிக்கணக்கில் சம்பாதித்தவர்களை அவ்வளவாக யாரும் திட்டவில்லை. கொழுந்து பறிப்பவருக்கும் லண்டனில் தேயிலைப் பெட்டி விற்பவருக்கும் இடையிலான கணக்கு எங்களுக்குத் தெரிந்ததால், இந்தப் பகுதியை வாசித்தபோது சிரிப்புத்தான் வந்தது.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். 2016 ஓகஸ்ட் கடைசியில் ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் திடீரென்று சிங்களத்தில் ஒரு அறிவித்தல் தோன்றியது. தங்களை இலங்கை இளைஞர் என்று சொல்லிக்கொண்டவர்கள் எழுதியது. உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில், புத்தாண்டுக் காலத்தில் வைக்கும் முடிவை மாற்றுங்கள், நாட்டின் இணையத்தளங்களின் பாதுகாப்பைக் கவனியுங்கள் என்று அதில் இருந்தது. சில நாட்களில் பொலிஸார் ஒருவரைக் கைது செய்தார்கள். கடுகண்ணாவையைச் சேர்ந்த 17 வயதுப் பாடசாலை மாணவன். கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும்போது கணவாயைக் கடந்து இறங்குகிறோமே, அந்த ஊர்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு அந்தச் செய்தி இரண்டு விதமாகக் குத்தியது. பரீட்சை பற்றி ஒரு மாணவனுக்குச் சொல்ல ஒரு முறைப்பாடு இருக்கிறது, அதை யாராவது கேட்பார்கள் என்று அவன் நினைத்த ஒரே இடம் ஜனாதிபதியின் முகப்புப் பக்கம். அது ஒன்று. ஒரு நாட்டுத் தலைவரின் தளத்துப் பூட்டு ஒரு பாடசாலைப் பையனின் கைக்குத் திறக்கிறது. அது மற்றது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் உள்ளே போவதே குற்றம். ஒன்றையும் எடுக்கவில்லை, உடைக்கவில்லை, பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. அதை மாணவர்களுக்கு நாங்கள் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். ஆனால் பையனைப் பிடித்ததைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிய அளவுக்கு, அந்தப் பூட்டைப் போட்டவர் யார், எத்தனை வருடமாக அப்படி இருந்தது என்று எழுதவில்லை.

ஏழு வருடம் கழித்து, 2023 ஓகஸ்ட் 26. லங்கா கவர்மென்ட் கிளவுட் என்ற அரசாங்க சேர்வர் தொகுதியில் கப்பம் கேட்கும் மென்பொருள் புகுந்தது. உள்ளே இருப்பதை எல்லாம் பூட்டிவிட்டு, சாவிக்குக் காசு கேட்கிற வகை. அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5000 பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகத்தினுடையவையும் சேர்த்து. ஒரு நாளுக்குள் தொகுதியைத் திருப்பி எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போய்விட்டன. அந்தக் காலத்துக்கு, தொகுதியோடு இணைக்காமல் புறம்பாக எடுத்து வைத்த பிரதி ஒன்றும் இருக்கவில்லை. இணைப்பில் இருந்த பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டுவிட்டன.

பயன்படுத்தியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. பத்து வருடப் பழசு. அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அந்த வருடம் ஏப்ரல் 11ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது, அதாவது அதற்குப் பிறகு ஓட்டை கண்டுபிடித்தாலும் மருந்து வராது. 2021 மார்ச்சிலேயே இந்த எக்ஸ்சேஞ்ச் வகைகளில் பாரதூரமான ஓட்டைகள் வெளிவந்து உலகம் முழுக்கப் பல்லாயிரம் நிறுவனங்கள் அடிபட்டிருந்தன. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் தலைமை அதிகாரி பகிரங்கமாகச் சொன்ன விளக்கம் இது: 2021இலேயே புதிய பதிப்புக்கு மாறத் திட்டம் இருந்தது, நிதிப் பற்றாக்குறையாலும் முந்தைய பணிப்பாளர் சபையின் சில தீர்மானங்களாலும் தாமதமானது. நாடு பெற்றோலுக்கும் மருந்துக்கும் டொலர் இல்லாமல் நின்ற காலம் என்பதை மறக்கவில்லை. அதற்காக அவர்களை மன்னிக்கலாம். ஆனால் மூன்று மாதம் ஒரு பிரதி எடுத்துப் புறம்பாக வைக்காததற்கு டொலர் பற்றாக்குறை என்ற விளக்கம் எங்களுக்குப் போதவில்லை.

'கொழும்பில் பெரியவர்களின் ஈமெயில் போனால் எங்களுக்கென்ன சேர்?' என்று ஒரு தகப்பன் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் எழுத வேண்டி வந்தது.

மலையகத்தின் வரலாறு ஒரு வகையில் கடதாசிகளின் வரலாறு. அந்தக் கடதாசிகள் எப்போதும் அடுத்தவர் கையில்தான் இருந்தன. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து கூட்டி வரப்பட்டவர்களின் கழுத்தில் தகரத்துண்டு தொங்கியது. எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்பதற்கான இலக்கம் அதில் அடித்திருக்கும். வந்து சேர்ந்த பிறகு துண்டு என்று ஒரு கடதாசி. இவர் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுப்பது. துண்டு இல்லாமல் வேறு தோட்டம் எடுக்காது. கடனைக் கூட்டிக் கூட்டித் துண்டைக் கைமாற்றியவர்கள் கங்காணிமார். மனிதனுக்கு விலை இல்லை, அவன் துண்டுக்குத்தான் விலை. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

பிறகு 1948. 18ஆம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம். தகப்பனோ, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்குக் கடதாசி காட்டு என்றது. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பிறப்புப் பதிந்தார்கள்? அடுத்த வருடம் வந்த 3ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். தோட்டத் தொழிலாளி மட்டுமல்ல, எங்கள் மலையக நகரங்களில் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளி முஸ்லிம் வியாபாரிகளும் அதே வரிசையில் நின்றார்கள். தொடர்ச்சியாக இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தாய் என்று நிரூபி. எதை வைத்து? செக்றோல், கடைக் கணக்கு, பாடசாலை இடாப்பு. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மிச்சப் பேரை வைத்துத்தான் 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் இத்தனை இலட்சம் உனக்கு, இத்தனை இலட்சம் எனக்கு என்று பங்கு போட்டார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்துதான் ஒருவாறு அந்தக் கணக்கு முடிந்தது. 55 வருடம். ஒரு பதிவு இல்லாததற்கு.

இப்போது அந்தக் கடதாசி எல்லாம் சேர்வருக்குள் போய்க்கொண்டிருக்கிறது. 2022இல் பெற்றோலுக்கு கியூஆர், 2023இல் அஸ்வெசும விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு, கடவுச்சீட்டு, இனி வரப்போகிற டிஜிட்டல் அடையாள அட்டை. கடதாசியை விட இது நல்லதுதான். கச்சேரிக்கு மூன்று தடவை பஸ் ஏறுகிற செலவு மிச்சம். நாங்கள் இதற்கு எதிரானவர்கள் இல்லை. ஆனால் ஒரு சேர்வரில் மூன்று மாதப் பதிவு அழிந்து போனால், கொழும்பு ஏழில் இருப்பவர் சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு போய் தன் பதிவைத் திரும்ப எழுதுவிப்பார். அஸ்வெசும பட்டியலில் பெயர் இல்லாமல் போன கொழுந்து பறிக்கிற அம்மா ஒருநாள் பேரை விட்டுவிட்டு கிராம சேவகரைப் பார்க்கப் போவார், அவர் பிரதேச செயலகத்துக்கு அனுப்புவார், அங்கே 'சிஸ்டத்தில் இல்லை' என்பார்கள். எங்கள் சனங்களுக்கு அந்த இரண்டு சொற்கள் புதிதல்ல. முன்பு 'கொப்பியில் இல்லை' என்று சொன்னார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மலையகத்தில் அரசாங்க சேர்வருக்குப் போகிற வழி பெரும்பாலும் டவுனில் இருக்கிற கொமியூனிகேஷன் கடை வழியாகத்தான். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், மகளின் மின்னஞ்சல், அதன் கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதி அந்தத் தம்பியிடம் கொடுக்கிறோம். அவர் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பார். ஆனால் அந்தத் துண்டு மேசையிலேயே கிடக்கும், கடைக் கணினியில் உங்கள் கணக்கு திறந்தபடியே இருக்கும், அடுத்தவர் வந்து உட்காருவார். சேர்வரின் ஓட்டையை நாங்கள் அடைக்க முடியாது. வேலை முடிந்ததும் கணக்கை மூடச் சொல்லி, துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வரலாம்.

2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. எங்கள் விபரத்தை வைத்திருப்பவர் அதைக் காக்கக் கடமைப்பட்டவர் என்று சொல்கிற சட்டம். முக்கியமான பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்தன. திகதி நெருங்கியபோது பிற்போட்டார்கள். பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் நடக்கவில்லை. சம்பளம் போல இது வயிற்றில் படுகிற விஷயம் இல்லையே.

கணினியில் கெட்டிக்காரப் பிள்ளைகள் எங்கள் தோட்டப் பாடசாலைகளிலும் வந்துகொண்டிருக்கிறார்கள். உடைந்த கைத்தொலைபேசியில் நிரல் எழுதப் பழகிய பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். நாளைக்கு அவர்களில் ஒருவர் ஒரு அரசாங்கத் தளத்தில் ஓட்டையைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்? அலிபாபா பொறியியலாளர் செய்தது போல ஓசைப்படாமல் உரியவருக்கு அறிவிப்பதுதான் வழி. இலங்கை சேர்ட் என்ற கணினி அவசர அமைப்பு 2006 முதல் இருக்கிறது, அங்கே சொல்லலாம். ஆனால் தெரியாமல் பூட்டில் கை வைத்துப் பார்த்த பிள்ளை நல்ல எண்ணத்தில் போய்ச் சொன்னாலும் சட்டம் அவனை எப்படிப் பார்க்கும் என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது. இப்படி வந்து சொல்பவரைத் தண்டிக்க மாட்டோம் என்று சில நாடுகளில் நிறுவனங்கள் எழுதியே வைக்கின்றன, சில இடங்களில் பரிசும் கொடுக்கின்றன. இங்கும் அப்படி ஒரு வாசல் திறக்கும் வரை, பிள்ளைகளே, எதையும் கண்டால் முதலில் உங்கள் ஆசிரியரிடம் வாருங்கள். தனியாக எதையும் தொடாதீர்கள். நாங்கள் சேர்ந்து கடிதம் எழுதுவோம்.

கடைசியாக ஒரு வேலை. பழைய கடதாசிகளைச் சேர்த்து வைக்கத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் தகரத்துண்டு, துண்டு, பாட்டனின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், நிராகரித்த கடிதம், பழைய செக்றோல் தாள் ஏதாவது இருந்தால் பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். சனிக்கிழமை காலையில் இருப்போம். உங்கள் கண்முன்னே படம் எடுத்து, இரண்டு பிரதி செய்து, மூலத்தை அப்போதே உங்கள் கையில் தந்துவிடுவோம். ஒரு பிரதி இணைப்பில் இல்லாத தட்டில் அலுமாரிக்குள் இருக்கும். தயவுசெய்து படம் எடுத்துக் கீழே கொமன்ட்டில் மட்டும் போடாதீர்கள். இலக்கம் எல்லாம் தெரியும்.